சிறுவர்க்குச் சித்திரம் தந்த உபேந்திரகிஷோர்

பள்ளி ஆண்டு மலர் கைக்கு வந்தவுடன் நம் மாணவச் செல்வங்கள் முதலில் தேடுவது படங்களையே ஆகும். எழுத்துகளைப் படிப்பது அதற்குப் பிறகுதான். பெற்றோரும், தம் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறான் என்று புகைப்படத்தில் பார்த்துவிட்டே கட்டுரைகளின் பக்கம் திரும்புகின்றனர். இதனை நாம் குறையாகக் கூறவில்லை. உலகெங்கும் குழந்தைகளின் இயல்பு இதுவே. இவ்வியல்பை நன்குணர்ந்து, குழந்தை கையில் எடுக்கும் நூலில் உள்ள படம் ஓவியன் வரைந்தவாறே பிசகின்றி வந்து சேர வேண்டும் என்பதற்காகத் தம் வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளைச் செலவிட்ட பெரியார் ஒருவர் வங்க நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி. கதையை எழுதியவர் அவர். அதற்குப் படம் வரைந்தவர் அவர். அப்படத்தை அச்சிடுவதற்குரிய தகட்டைச் செய்தவரும் அவரே. இம்மூன்றையும் ஒருவரே செய்தது வியப்புக்குரியது. ஏன் செய்ய நேர்ந்தது என்பதே நாம் இங்குக் காண இருக்கும் வரலாறு.

கிழக்கு வங்கத்தில் மைமன்சிங் மாவட்டத்தைச் சேர்ந்த மசூவா என்னும் சிற்றூரில் 1863ஆம் ஆண்டு மே திங்களில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேச நாட்டின் கிஷோர்கஞ்ச் மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் காளிநாத் ராய் வடமொழி, அரபு, பாரசீகம் ஆகிய மொழிகளில் தேர்ந்த அறிஞர். பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். ஐந்து வயது நிரம்பும் முன்பே, பிள்ளையில்லாத உறவினரான ஹரிகிஷோர் ராய் சௌதுரி என்னும் நிலக்கிழார் அச்சிறுவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். தம் பெயரோடு ஒத்திசைக்கும்படி உபேந்திரகிஷோர் என்று புதுப்பெயரும் சூட்டினார். இவ்வாறு காமதாரஞ்சன் ராய், உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி ஆனார். அவருடைய தமையனார் சாரதாரஞ்சன், வங்காளத்தில் கிரிக்கெட் விளையாட்டைப் பரப்பிய முன்னோடி என்று இன்றும் போற்றப்படுகிறார். பந்து விளையாட்டில் நாட்டமுள்ள நம் பையன்களுக்காகவே இச்செய்தியை இடையில் சேர்த்தோம்.

மைமன்சிங் நகரப் பள்ளியில் பயின்ற காலத்தில் அவருக்குப் படம் வரைவதிலும் குழல், வயலின் முதலிய இசைக்கருவிகளிலும் தணியாத ஆர்வம் இருந்தது. ஒருமுறை வங்காள ஆளுநர் ஆஷ்லி ஈடன் அப்பள்ளியைப் பார்வையிட வந்தபோது, வகுப்பில் அமர்ந்திருந்த உபேந்திரகிஷோர் தம் ஏட்டில் அவர் உருவத்தையே வரைந்துகொண்டிருந்தாராம். ஆளுநர் அதனைக் கண்டுவிட்டார். ஆசிரியர்கள் நடுங்கினர். ஆளுநரோ சினங்கொள்ளாமல், இத்திறமையைக் கைவிடாதே என்று தட்டிக்கொடுத்துச் சென்றதாக அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுகின்றனர். கணக்கு ஏட்டின் பின்பக்கத்தில் மாட்டையும் மோட்டார் வண்டியையும் வரைந்துவைத்து அகப்பட்டுக்கொள்ளும் பிள்ளைகள் எப்பள்ளியிலும் உண்டு. நம் பள்ளியிலும் உண்டு. அவர்களுக்கு இந்நிகழ்ச்சி மகிழ்ச்சி தரும். எனினும், உபேந்திரகிஷோர் தேர்விலும் வெற்றி பெற்று உதவித்தொகையுடன் கல்கத்தா சென்றார் என்பதையும் உடன் கூறிவிடுகிறோம்.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் மெட்ரோபாலிட்டன் கல்லூரி வழியாக 1884இல் பி.ஏ. பட்டம் பெற்றார். காலத்தை நாம் எளிதில் மனத்திலிருத்த ஒரு குறிப்பு: அதற்கு அடுத்த ஆண்டாகிய 1885இல்தான் நம் அண்டை நகராகிய தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செபெத்தாங்கிற்கு, இந்நாட்டின் முதல் இரயில்வண்டி ஓடியது. நம் கமுந்திங் வட்டாரம் அப்பொழுது ஈயச் சுரங்க நிலமாக இருந்தது.

கல்லூரி நாட்களில் உபேந்திரகிஷோர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். உருவ வழிபாட்டையும் சாதி வேற்றுமையையும் ஏற்காத அமைப்பு அது. பழைய ஆசாரங்களில் ஊறிய வளர்ப்புத் தந்தைக்கு இது பிடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி நிலக்கிழாராக அமர்ந்திருக்கலாம். மனம் ஒப்பாத வாழ்வு வேண்டாவென்று அவர் நகரிலேயே தங்கினார். 1885இல் பிதுமுகி அம்மையாரை மணந்தார். அம்மையாரின் தந்தை துவாரகாநாத் கங்குலியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் நம்மால் கடந்து செல்ல இயலவில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு நேரிற் சென்று, அங்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் படும் துன்பத்தைக் கண்டு, அதனை ஏடுகளில் எழுதி உலகறியச் செய்தவர் அவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பெற்றோர், இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்வது தகும். அவருடைய இரண்டாம் மனைவி காதம்பினி, இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவர். இத்தகைய குடும்பத்தில்தான் உபேந்திரகிஷோரின் இல்லறம் தொடங்கியது.

மாணவராக இருந்தபோதே, 1883இல் தொடங்கிய ‘சகா’ என்னும் சிறுவர் ஏட்டிற்கு அவர் எழுதலானார். அக்காலத்தில் குழந்தைகளுக்கென்று வங்காளத்தில் இருந்தவை பெரும்பாலும் பாடநூல்களும் நீதி போதனைகளுமே. குழந்தை விரும்பிக் கேட்டு வாங்கும் நூல்கள் மிகச் சில. உபேந்திரகிஷோர் விலங்குகளைப் பற்றியும் விண்மீன்களைப் பற்றியும் எளிய நடையில் எழுதினார். பின்பு இராமாயணத்தைச் சிறுவர்க்கேற்ற உரைநடையில் எழுதி, இரவு பகலாக உழைத்து அதற்குரிய படங்களையும் தாமே வரைந்தார்.

நூல் அச்சாகி வந்தது. படங்களைப் பார்த்த அவர் உள்ளம் நொந்தார்.

அந்நாளில் ஒரு படத்தை அச்சிட வேண்டுமானால், ஓவியர் வரைந்ததைப் பார்த்துக் கொத்துவேலைக்காரர் மரக்கட்டையில் அதனைச் செதுக்குவார். வேண்டாத இடத்தை உளியால் நீக்கி, கோடுகளை மட்டும் மேடாக விட்டுவிடுவார். அம்மேட்டில் மையைத் தடவிக் காகிதத்தில் அழுத்துவர். செதுக்குபவரின் கை சற்றே பிசகினாலும், சீதையின் முகம் சீதையின் முகமாக இராது. அனுமனின் வாலும் அனுமனின் வாலாக இராது. ஓவியர் மென்மையாகத் தீட்டிய நிழல் அனைத்தும் கருந்திட்டாகிவிடும். உபேந்திரகிஷோரின் படங்களுக்கும் இந்தக் கதியே நேர்ந்தது. சிறுபிள்ளைகள் பார்க்கும் படந்தானே, இவ்வளவு போதும் என்று பலர் அமைதி கொண்டிருப்பர். அவரால் அமைதி கொள்ள முடியவில்லை. சிறுபிள்ளைகள் பார்க்கும் படமென்பதாலேயே அது திருத்தமாக இருக்க வேண்டும் என்று அவர் கருதினார் போலும். அதன்பின் அவர் செய்தவை அனைத்தும் அவ்வாறு கருதியவர் செய்யக்கூடியவையாகவே இருக்கின்றன.

மேலைநாடுகளில் அப்பொழுது புதிதாக ஒரு முறை பரவிவந்தது. அதற்கு ஹாஃப்டோன் என்று பெயர். முன்பு பள்ளி மலர் அச்சிட்ட தமிழ் அச்சகங்களில் பிளாக் என்று சொல்லி, படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் வாங்கினார்களே, அந்தப் பிளாக்கில் புகைப்படத்துக்கு உரியது இம்முறையே. இதனை நம் மாணவர்கள் தாங்களே சோதித்தறியலாம். செய்தித்தாளில் உள்ள புகைப்படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், முகமும் சட்டையும் மறைந்து வெறும் புள்ளிகளே தெரியும். கருமை மிகுந்த இடத்தில் புள்ளிகள் பருத்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். வெளிச்சமான இடத்தில் சிறுத்து விலகி நிற்கும். கண்ணாடியை அகற்றிவிட்டுச் சற்றுத் தொலைவில் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் மறைந்து முகம் தோன்றும். அச்சுப்பொறிக்கு மை படிவதும் தெரியும், படியாமல் விடுவதும் தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தை அது அறியாது. அறியாத அந்நிறத்தைப் புள்ளிகளைக் கொண்டு நம் கண்ணுக்குத் தோன்றச் செய்வதே இம்முறையின் சூழ்ச்சி.

அப்புள்ளிகளை உண்டாக்கும் விதம் இது. மயிரிழை போன்ற கருங்கோடுகள் நெருக்கமாகக் கீறப்பட்ட கண்ணாடித் திரையொன்றைப் படக்கருவிக்குள் வைப்பர். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டிருப்பதால் அத்திரை கொசுவலையைப் போலத் தோன்றும். ஓவியத்திலிருந்து வரும் ஒளி அவ்வலையின் கண்கள் வழியே புகும்போது புள்ளிகளாகப் பிரிகிறது. இவ்வாறு பதிந்த புள்ளிகளைச் செம்பு அல்லது துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி, திராவகத்தில் இடுவர். ரப்பர்ப் பாலை உறையவைக்க நம்மவர் ஊற்றும் திராவகம் வேறு. இது உலோகத்தையே அரிக்க வல்லது. புள்ளி இல்லாத இடம் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். புள்ளிகள் மட்டும் மேடாக நிற்கும். மேட்டில் மை ஏறும். செதுக்குபவரின் கை இடையில் புகாமல் ஓவியரின் படம் காகிதத்துக்கு வந்து சேரும்.

உபேந்திரகிஷோர் இக்கருவிகளை இங்கிலாந்திலிருந்து தம் சொந்தப் பணத்தில் தருவித்தார். அவற்றைக் கையாளக் கற்றுக்கொடுக்கக் கல்கத்தாவில் ஆசிரியர் எவரும் இலர். நூல்களைப் படித்தும், தகடுகளைப் பாழாக்கிப் பாழாக்கியும் தாமே கற்றார். 1895இல் யூ. ராய் என்ற பெயரில் ஒரு தொழிலகத்தைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் யூ. ராய் அண்டு சன்ஸ் ஆயிற்று. குடும்பம் குடியிருந்த வீட்டிலேயே படக்கருவியும் இருட்டறையும் இருந்தன. ஆறு குழந்தைகளும் அவற்றின் நடுவே வளர்ந்தனர்.

இங்குதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். பிறர் செய்த கருவியை வாங்கிப் பிறர் சொன்னபடி பயன்படுத்தியதோடு அவர் நிற்கவில்லை. கண்ணாடித் திரைக்கும் ஒளிபதியும் தகட்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்க வேண்டும், கருவியின் துளை எவ்வளவு விரிந்திருக்க வேண்டும் என்பவற்றை அக்காலத் தொழிலாளர் பலர் கைப்பழக்கத்தாலேயே தீர்மானித்தனர். உபேந்திரகிஷோர் அதனைக் கணக்கிட்டு அறியும் வழியை ஆராய்ந்தார். திரையைத் தானே சரிசெய்துகொள்ளும் கருவியமைப்பைப் பற்றி எழுதினார். கோடுகள் செங்கோணத்தில் வெட்டுவதை விட அறுபது பாகைக் கோணத்தில் வெட்டினால் விளையும் பயனைப் பற்றி எழுதினார். இலண்டனிலிருந்து வெளிவந்த ‘பென்ரோஸ்’ ஆண்டு மலர், உலக அச்சுத் தொழிலாளர் அனைவரும் மதித்த வெளியீடாகும். அதில் 1897 முதல் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல வெளிவந்தன. கல்கத்தாவின் ஒரு வீட்டு அறையில் தனியே உழைத்த ஒருவருக்கு மேலைநாட்டு வல்லுநர்கள் அளித்த மதிப்பு இது. ஆண்ட நாடு கற்பிக்கும், அடிமை நாடு கற்றுக்கொள்ளும் என்று எண்ணப்பட்ட காலத்தில் இது நடந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

அவர் செய்த தகடுகளின் புகழ் பரவிற்று. ‘பிரவாசி’ போன்ற பெரிய ஏடுகள் தம் வண்ண ஓவியங்களுக்கு அவருடைய தொழிலகத்தையே நாடின. வருமானமும் வந்தது. ஆனால், அவர் நெஞ்சம் குழந்தை நூல்களிலேயே இருந்தது. மகாபாரதத்தைச் சிறுவர்க்காக எழுதினார். 1903இல் வெளிவந்த ‘சேகாலேர் கதா’ என்னும் நூலில், மனிதன் தோன்றுமுன் உலகில் திரிந்த பேருருவ விலங்குகளைப் பற்றி எழுதி, அவற்றின் உருவங்களையும் வரைந்து காட்டினார்.

1910இல் ‘துன்துனிர் பொய்’ வெளிவந்தது. துன்துனி என்பது இலைகளை நாரால் தைத்துக் கூடு கட்டும் தையற்சிட்டு. கிழக்கு வங்கத்தில் மாலை மங்கியதும், உண்ணாமல் உறங்கிவிடப் பார்க்கும் பிள்ளைகளை விழித்திருக்கச் செய்யத் தாய்மாரும் பாட்டிமாரும் சொல்லிவந்த கதைகளை அவர் திரட்டி எழுதிய தொகுப்பு அது. ஒரு கதையை மட்டும் இங்குச் சுருக்கித் தருகிறோம். கத்தரிச் செடியில் ஒரு தையற்சிட்டு கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. அடுத்த வீட்டுப் பூனை குஞ்சுகளின்மேல் கண்வைத்து நாள்தோறும் செடியடியில் வந்து நிற்கும். சிட்டு தலைதாழ்த்திப் பூனையை மகாராணி என்று போற்றி வணங்கும். பூனை பெருமிதத்தோடு திரும்பிப் போகும். குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்தது. அவை பறந்து காட்டிய நாளில் பூனை மறுபடியும் வந்தது. அன்று சிட்டு வணங்கவில்லை. காலை உயர்த்தி உதைப்பதுபோலக் காட்டி, போடி என்று விரட்டிவிட்டுப் பறந்துவிட்டது. சினங்கொண்டு பாய்ந்த பூனைக்குக் கத்தரி முள் குத்தியதுதான் மிச்சம். எளியோர் தம் பிள்ளைகள் சிறகு பெறும் வரையில் யாரை எவ்வாறு வணங்கிக் காலங்கடத்த நேர்ந்தது என்பதைப் பாட்டிமார் நன்கறிவர். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வங்கக் குழந்தைகள் இந்நூலைப் படித்து வருகின்றனர்.

அவர் வரைந்த விலங்குகளைப் பற்றியும் ஒன்று கூறலாம். நரி சட்டை போடாமலே நரியாக இருக்கும். ஆயினும் அதன் கள்ளத்தனம் கண்ணில் தெரியும். புலியின் மீசை உள்ளபடியே இருக்கும். ஆயினும் அது ஏமாறப் போகிறது என்று பார்க்கும் குழந்தைக்கு விளங்கிவிடும். இத்தகைய நுண்மை மரக்கட்டைச் செதுக்கலில் நிலைத்திராது என்பதை நாம் எண்ணிப் பார்த்தால், அவர் ஏன் திராவகத்தோடும் கண்ணாடியோடும் அத்தனை ஆண்டுகள் போராடினார் என்பது புரியும்.

1913ஆம் ஆண்டு, நம் சித்திரையோடு ஒத்த பைசாக மாதத்தில் அவர் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் திங்களிதழைத் தொடங்கினார். சந்தேஷ் என்றால் வங்காளத்தில் செய்தி என்றும் பொருள். பாற்கட்டியில் செய்யும் ஓர் இனிப்புப் பண்டம் என்றும் பொருள். எழுத்து, அட்டைப்படம், உள்படம், தகடு, அச்சு யாவும் பெரும்பாலும் அக்குடும்பத்தின் கைவண்ணமே. கதையும் பாட்டும் விடுகதையும் அறிவியலும் வண்ணப் படங்களோடு வந்தன. மூத்த மகள் சுகலதா எழுதினார், வரைந்தார். மகன் சுகுமார் கல்கத்தாவில் இயற்பியலும் வேதியியலும் கற்று, 1911இல் இங்கிலாந்து சென்று இலண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுக்கலை பயின்று 1913இல் திரும்பினார். தந்தை எவரிடமும் கற்காமல் கற்ற தொழிலை மகன் கல்லூரியில் கற்றுவந்தார்.

கல்கத்தா கார்ப்பார் சாலையில் 100ஆம் எண்ணுள்ள மனையில், அச்சகமும் வீடும் ஒன்றாக அமையுமாறு உபேந்திரகிஷோர் தாமே திட்டமிட்டு ஒரு கட்டடம் எழுப்பினார். அதில் நெடுநாள் வாழ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நீரிழிவு நோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. இன்சுலின் மருந்து மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது 1922இல்தான். நோயின் நடுவேயும் சந்தேஷுக்கு எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. கூப்பி என்ற பாடகனும் பாகா என்ற மத்தளக்காரனும் பேய்களிடம் வரம் பெற்று, தம் இசையால் கேட்போரை அசையவொட்டாமல் நிறுத்தும் கதையை 1915இல் அவ்விதழில் எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள் மறைந்தார். வயது 52. சந்தேஷ் தொடங்கி மூன்று ஆண்டுகள்கூட நிறைவெய்தவில்லை.

மகன் சுகுமார் இதழை ஏற்று நடத்தினார். வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டி ஒரே உயிராக்கிப் பாட்டெழுதிப் படமும் வரைந்த விந்தைக் கலைஞர் அவர். அவரையும் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் பற்றிக்கொண்டது. 1923 செப்டம்பர் 10ஆம் நாள், 36 வயது நிறையும் முன்பே காலமானார். அவருடைய புகழ்பெற்ற ‘ஆபோல் தாபோல்’ நூலாக வெளிவந்தது அதற்கு ஒன்பது நாட்களுக்குப் பின்னர். தலைவர் இருவரையும் இழந்த தொழில் தள்ளாடிற்று. கடன் பெருகி அச்சகம் கைமாறியது, வீடும் போயிற்று. உபேந்திரகிஷோர் உருவாக்கிய யாவும் அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் கலைந்துவிட்டன என்று அன்று பார்த்தோர் எண்ணியிருப்பர்.

சுகுமாருக்கு ஒரே மகன். தந்தை இறந்தபோது அக்குழந்தைக்கு இரண்டரை வயதுதான் இருக்கும். வீடு போகும்வரை அவன் அவ்வச்சகத்தில் ஓடித்திரிந்தான். தான் கிறுக்கிய காகிதங்களைக் கொண்டுபோய், இதனைச் சந்தேஷில் போட வேண்டும் என்று படக்கருவித் தொழிலாளியிடம் கொடுப்பானாம். பாட்டனாரை அவன் கண்டதில்லை. பாட்டனாரின் கருவிகளைக் கண்டிருக்கிறான். வளர்ந்தபின் அவனும் ஓவியன் ஆனான். நூல்களுக்கு அட்டைப்படம் தீட்டினான். ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் புதினத்தின் சிறுவர் பதிப்புக்கு அவன் வரைந்த படங்களே, அக்கதையைத் திரையில் காட்ட வேண்டும் என்ற எண்ணத்துக்கு வித்தாயின. 1955இல் அத்திரைப்படம் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அவர்தாம் சத்யஜித் ராய்.

சத்யஜித் ராய் 1961இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து சந்தேஷ் இதழை மீண்டும் உயிர்ப்பித்தார். தாமே அதற்கு எழுதினார். தாமே படம் வரைந்தார். தம் மகன் சிறுவர்க்குரிய படம் ஒன்று எடுக்கும்படி கேட்டபோது, பாட்டனார் நோயோடு எழுதிய கூப்பி, பாகா கதையையே எடுத்துக்கொண்டார். 1969இல் அது திரைக்கு வந்தது. எழுதியவர் மறைந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அக்கதை வங்காளத்தின் குழந்தைகளைத் திரையரங்குகளில் நிறைத்தது.

நம் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறையினர், 1947இல் சென்னையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வின் வண்ணப் படங்களைப் பார்த்துக் கதை கேட்டவர்கள். அவ்விதழுக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, இந்தியக் குழந்தைகளுக்கு வண்ணப் படமும் கதையும் திங்கள்தோறும் தரலாம் என்று கல்கத்தாவில் செய்து காட்டியவர் உபேந்திரகிஷோர். அவர் கட்டிய கார்ப்பார் சாலை வீடு, குடும்பத்தின் கையை விட்டுச் சென்றபின், ஒரு பள்ளிக்கூடமாயிற்று.